பஞ்சிதா அத்தையும் இருபதாயிரம் கொலோனும்

கோஸ்டாரிகா நாட்டின் 5 கொலோன் நோட்டை நான் வாங்கியது அதன் அழகுக்காகத்தான். மதுரையில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில், பழைய அணாக்களுக்கும் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய்களுக்கும் நடுவே ஒரு தட்டில் வெளிநாட்டு நோட்டுகள் கிடந்தன. அதில் ஒன்றைக் கையில் எடுத்ததும் வைக்க மனம் வரவில்லை. பின்புறம் முழுக்க ஓர் ஓவியம். வண்ணப் பாவாடை அணிந்த பெண்கள் கூடைகளோடு காப்பிப் பழம் பறிக்கிறார்கள். ஓர் ஆண் வாழைத்தாரைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். பின்னால் கடல், துறைமுகம்.

"பசங்களுக்கா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"இல்லை, எனக்குத்தான்."

"லேடீஸ் யாரும் நோட்டு சேக்கறதில்லை, அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தந்தார். ஐம்பது ரூபாய்.

அந்த ஐம்பது ரூபாயில் தொடங்கியதுதான். இன்று என்னிடம் ஒரு சிறிய ஆல்பம் இருக்கிறது. அதில் மத்திய அமெரிக்காவின் அந்த ஒரு நாட்டின் நோட்டுகள் மட்டுமே இருக்கின்றன. அவற்றைச் சேர்த்ததன் வழியாக நான் ஒரு பெண்ணின் வாழ்க்கையை வாசிக்க நேர்ந்தது. அதைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

1

முதலில் அந்த 5 கொலோன். 1968 முதல் 1992 வரையிலான தேதிகளில் அச்சிடப்பட்ட நோட்டு இது. அதன் பின்புறத்தில் இருப்பது தலைநகர் சான் ஹோசேயின் தேசிய அரங்கில், கூரையில் உள்ள ஓர் ஓவியம். 1897இல் திறக்கப்பட்ட அந்த அரங்குக்காக அலெயார்தோ வில்லா என்ற இத்தாலியர் வரைந்தது. அவர் கோஸ்டாரிகாவைப் பார்த்ததே இல்லை. மிலான் நகரில் இருந்தபடி வரைந்து அனுப்பினார். காப்பி மலைநாட்டுப் பயிர். ஓவியத்திலோ கடற்கரையில் விளைகிறது. வாழைத்தாரைத் தூக்கியிருப்பவனைப் பார்த்தாலே அவன் வாழ்நாளில் தார் சுமந்தவன் இல்லை என்று தெரிந்துவிடும். எந்தப் பெண்ணின் பாவாடையிலும் ஒரு மண்கறை கிடையாது.

இந்தப் பிழைகளை அந்த நாட்டு மக்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். எனக்கு உறைத்தது வேறு. நோட்டின் முன்புறத்தில் இருப்பவர் ரஃபேல் இக்லேசியாஸ். அரங்கு திறக்கப்பட்டபோதும், 1896இல் பெசோ போய் கொலோன் வந்தபோதும் நாட்டின் அதிபர். கொலோன் என்பது கொலம்பஸின் ஸ்பானிய மொழிப் பெயர். முன்பக்கம் பெயர் சொல்லி ஓர் ஆண். பணத்தின் பெயரே ஓர் ஆணின் பெயர். பின்பக்கம் பெயரில்லாத பெண்கள், குனிந்து பழம் பறிக்கிறார்கள். உலகத்தின் பல நோட்டுகள் இப்படித்தான் இருக்கின்றன. பெண்கள் விளைச்சலாகவோ நீதியாகவோ சுதந்திரமாகவோ வருவார்கள். ஆளாக வருவது அரிது.

அந்த அரங்கைக் கட்ட முதலில் காப்பி ஏற்றுமதிக்கு வரி போட்டார்கள். பிறகு அந்தச் சுமை இறக்குமதிப் பொருட்கள் மீதான வரியாக மாறியது. அதாவது காப்பித் தோட்ட முதலாளிகளிடமிருந்து, கடையில் துணியும் சாமானும் வாங்குகிற எல்லோருடைய தலைக்கும் வந்தது. கூடை சுமந்த பெண்களும் அந்தக் கூரைக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்கள் உண்மையில் எந்தப் பணத்தைக் கையில் வாங்கினார்கள்? நோட்டு சேர்ப்பவர்களைவிட நாணயம் சேர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கோஸ்டாரிகாவின் காப்பித் தோட்டங்களில் 'போலெத்தோ' என்ற வில்லைகள் புழங்கின. பெரும்பாலும் உலோகம், தோட்டக்காரரின் பெயரோ முதலெழுத்துகளோ பொறித்தவை. பறித்த பழத்தை 'கஹுவேலா' என்ற அளவுப் பெட்டியில் கொட்டி அளப்பார்கள். ஒரு பெட்டிக்கு ஒரு வில்லை. பின்னர் அதைக் காசாக மாற்றிக்கொள்ளலாம், தோட்டத்துக் கடையில் கொடுத்துச் சாமான் வாங்கலாம். அறுவடைக் காலத்தில் பெண்களும் குழந்தைகளும் பெருமளவில் தோட்டத்தில் இருந்தார்கள். மத்திய வங்கி நோட்டில் பெண் காப்பி பறித்தாள். தோட்டத்தில் காப்பி பறித்த பெண்ணின் உள்ளங்கையிலோ முதலாளியின் பெயர் பொறித்த வில்லைதான் இருந்தது.

2

நோட்டு சேர்ப்பதில் சில ஒழுங்குகள் உண்டு. பி.வி.சி. உறை கூடாது, காலப்போக்கில் மையைக் கெடுக்கும். நோட்டைக் கழுவக் கூடாது, இஸ்திரி போடக் கூடாது. எல்லா நோட்டுக்கும் உலக அட்டவணையில் ஒரு எண் உண்டு. அந்த வரிசையில் அடுக்குவார்கள். 'யு.என்.சி.' என்றால் புழக்கத்துக்கே போகாத, மடிப்பு விழாத நோட்டு. அதற்குத்தான் விலை. யார் கையும் படாத பணத்துக்கு மதிப்பு அதிகம் என்பது எனக்கு ஆரம்பத்தில் வேடிக்கையாக இருந்தது.

நானும் அப்படியே மதிப்பு வரிசையில் அடுக்கினேன். 2010க்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த வரிசையில் ஆறு நோட்டுகள். எல்லாம் 67 மில்லிமீட்டர் அகலம். நீளம் மட்டும் 125இல் தொடங்கி ஒவ்வொரு மதிப்புக்கும் 7 மில்லிமீட்டர் கூடும். பார்வையற்றவர்கள் தொட்டு அறிய வசதி. பின்புறம் நாட்டின் காடும் கடலும்: மான், சுறா, குரங்கு, தேவாங்கைப் போல மரத்தில் தொங்கும் ஸ்லாத், தேன்சிட்டு, நீலப் பட்டாம்பூச்சி.

முன்புறம் ஆறு முகங்கள். 1,000இல் பிராவுலியோ கர்ரீயோ, 5,000இல் அல்ஃபிரெடோ கொன்சாலெஸ் ஃப்ளோரெஸ், 10,000இல் ஹோசே ஃபிகேரெஸ், 50,000இல் ரிக்கார்டோ ஹிமேனெஸ். நால்வரும் நாட்டை ஆண்டவர்கள். 2,000இல் மௌரோ ஃபெர்னாண்டெஸ், கல்வி அமைச்சராக இருந்தவர். 20,000இல் மட்டும் ஒரு பெண்: மரியா இசபெல் கார்வஹால். பள்ளிக்கூட டீச்சர். கார்மென் லீரா என்ற புனைபெயரில் எழுதியவர்.

20,000 கொலோன் இன்றும் செல்லுபடியாகும் பணம், ஏறத்தாழ 40 டாலர். அதனால் ஆல்பத்தில் கடைசியாக வந்து சேர்ந்தது அதுதான். "மூவாயிரத்துக்கு மேல ஆகும் மேடம், பரவால்லையா?" என்று கடைக்காரர் இரண்டு முறை கேட்டார். வந்த நோட்டு புழங்கிய நோட்டு. நடுவில் ஒரு மடிப்பு, ஓரத்தில் லேசான அழுக்கு. ஆரஞ்சு நிறம். பின்புறம் உயர்மலைப் புல்வெளியில் தேன்சிட்டு.

அவரைப் பற்றி எங்கு தேடினாலும் முதலில் வருவது ஒரு புத்தகம்: 1920இல் வெளியான 'பஞ்சிதா அத்தையின் கதைகள்'. முயல் மாமா, தந்திரக்காரப் பாட்டிகள், முட்டாள் ராஜாக்கள் என்று அந்த நாட்டுக் கிராமத்துப் பேச்சிலேயே சொல்லப்பட்ட கதைகள். அங்கே வளர்ந்த குழந்தைகளுக்கு அந்தப் புத்தகம் தெரியாமல் இருக்காது. ஆகவே குழந்தைகளுக்குக் கதை சொன்ன அன்பான ஆசிரியை, நாடு அவரை நினைவில் வைத்திருக்கிறது, முகத்தை நோட்டில் அச்சிட்டிருக்கிறது என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன். நம் ரூபாய் நோட்டுகளில் 1996 முதல் ஒரே ஓர் ஆணின் முகத்தைப் பார்த்துப் பழகியவளுக்கு அதுவே பெரிதாகப் பட்டது.

பிறகு அவர் இறந்த தேதியைக் கவனித்தேன். 1949 மே 14, மெக்சிகோ நகரம். கோஸ்டாரிகாவின் கதை சொல்லி ஏன் மெக்சிகோவில் இறந்தார்?

3

அந்தக் கேள்விக்குப் பதில் ஆல்பத்திலேயே இருந்தது. மதிப்பு வரிசையைக் கலைத்துவிட்டு, அவருடைய வாழ்க்கை வரிசையில் நோட்டுகளை மாற்றி அடுக்கினேன். மற்ற முகங்களில் பெரும்பாலானவை அவர் வாழ்க்கைக்குள் வந்து நின்றன.

முதலில் 2,000 கொலோன். மௌரோ ஃபெர்னாண்டெஸ் 1886இல் கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தத்தால் அந்நாட்டில் கொண்டாடப்படுபவர். 1888இல் பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார். அதே 1888இல் நாட்டின் ஒரே பல்கலைக்கழகத்தையும் மூடினார். முழுமையான பல்கலைக்கழகம் திரும்ப வர 1940 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் படிக்க விரும்பிய பெண்ணுக்குத் திறந்திருந்த பெரிய கதவு அந்தப் பள்ளிதான். அதன் வழி போனால் டீச்சர் வேலை. கார்வஹால் 1904இல் அங்கே படித்து முடித்தார். திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள். மருத்துவமனை ஒன்றில் கன்னியாஸ்திரி ஆவதற்கான பயிற்சிக்குப் போய், அது கைகூடாமல், கிராமத்துப் பள்ளிகளில் பாடம் நடத்தினார்.

அடுத்து 5,000 கொலோன். கொன்சாலெஸ் ஃப்ளோரெஸ் 1914இல் அரசு வங்கியை உருவாக்கியவர். முதல் உலகப்போர் காலத்து நெருக்கடியில் வருமானத்துக்கும் நிலத்துக்கும் நேரடி வரி போட முயன்றார். செல்வந்தர்கள் கொதித்தார்கள். 1917 ஜனவரியில் அவருடைய ராணுவ அமைச்சர் ஃபெதெரிகோ தினோகோ ஆட்சியைக் கவிழ்த்துச் சர்வாதிகாரி ஆனார். நோட்டு இந்த அதிபரை நினைவுகூர்கிறது. அவரைக் கவிழ்த்தவனை வீழ்த்தியவர்களில் யார் இருந்தார்கள் என்பது நோட்டில் இல்லை. 1919 ஜூன் மாதம் சான் ஹோசே தெருவில் இறங்கியவர்கள் ஆசிரியைகளும் பள்ளி மாணவிகளும். ஜூன் 13ஆம் தேதி அரசின் ஊதுகுழலாக இருந்த 'லா இன்ஃபொர்மாசியோன்' நாளிதழின் கட்டடம் தீக்கிரையானது. அந்தக் கூட்டத்தில் பேசியவர்களில் கார்மென் லீராவும் ஒருவர். போலீஸ் தேடியபோது பத்திரிகை விற்கும் பையனைப் போல வேடமிட்டுத் தப்பினார் என்று சொல்வார்கள். ஆகஸ்டில் தினோகோ நாட்டை விட்டு ஓடினார். அடுத்த ஆண்டுதான் பஞ்சிதா அத்தை வெளிவந்தாள். பத்திரிகை அலுவலகம் எரிந்த கூட்டத்தில் நின்றவரும் முயல் மாமா கதை சொன்னவரும் ஒரே பெண். ஒரு வருடம்தான் இடைவெளி.

ஐரோப்பாவுக்குப் போய்க் குழந்தைக் கல்வி முறைகளைப் பார்த்துவிட்டு வந்தார். 1920களின் நடுவில், லூயிசா கொன்சாலெஸ் போன்ற தோழிகளோடு சேர்ந்து, சான் ஹோசேயின் ஏழைக் குழந்தைகளுக்காக மாண்டிசோரி முறையில் ஒரு மழலையர் பள்ளி நடத்தினார். பசியோடு வரும் குழந்தைக்கு வண்ண மணிகளை எண்ணக் கற்றுக்கொடுப்பதில் என்ன பயன்? வறுமையைப் பள்ளிக்கூடத்துக்குள் தீர்க்க முடியாது என்ற முடிவுக்குத் தோழிகள் இருவரும் வந்தார்கள். 1931இல் கோஸ்டாரிகாவின் கம்யூனிஸ்ட் கட்சி உருவானபோது அதைத் தொடங்கியவர்களில் கார்மென் லீரா இருந்தார். 1930களில் அரசியல் காரணமாக ஆசிரியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

அடுத்து 50,000 கொலோன். ரிக்கார்டோ ஹிமேனெஸ் மூன்று முறை அதிபராக இருந்தவர். மூன்றாவது முறை 1932 முதல் 1936 வரை. 1934 ஆகஸ்டில், கரீபியக் கடற்கரையில் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியின் வாழைத்தோட்டப் பகுதியில் சுமார் 10,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அதிபர் அவர்தான். 8 மணி நேர வேலை, முதலுதவி மருந்து ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: கம்பெனிச் சீட்டு வேண்டாம், கூலியைப் பணமாகக் கொடு. இதை வாசித்தபோது ஆல்பத்தை மூடி வைத்துவிட்டேன். நான் கண்ணாடி உறைக்குள் பாதுகாத்து வைத்திருக்கும் இந்தக் காகிதத்தைக் கையில் வாங்குவதற்காக அவர்கள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள்.

கார்மென் லீரா அந்த வேலைநிறுத்தத்தின் பக்கம் நின்றார். அதற்கு முன்பே, 1931இல், 'வாழைப்பழங்களும் மனிதர்களும்' என்ற தலைப்பில் தோட்ட வாழ்க்கையைச் சிறுசிறு சித்திரங்களாக எழுதியிருந்தார். தலைப்பில் பழத்தை முன்னால் வைத்ததற்குக் காரணமும் அவரே சொல்கிறார்: அந்தத் தோட்டங்களில் பழத்துக்குத்தான் முதல் இடம், மனிதர்கள் பிறகுதான். முதல் சித்திரம் எஸ்தெஃபானியா என்ற பெண்ணைப் பற்றியது. ஒரு கல்லறைச் சிலுவை, அதில் ஒரு பெயர். அந்தப் பெயரிலிருந்து எழுத்தாளர் தோட்டம் தோட்டமாக அலைந்து தீர்ந்துபோன ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கட்டுகிறார். காப்பித் தோட்டக் கூலிகளைப் பற்றியும் தனியாகக் கட்டுரை எழுதினார். அலெயார்தோ வில்லாவின் ஓவியத்தில் சிரித்த முகத்தோடு கூடை தூக்கிய பெண்களுக்கும் வாழைத்தார் ஏந்திய ஆணுக்கும் அவர் எழுத்தில்தான் காய்ச்சலும் கடனும் வந்தன, பெயரும் வந்தது.

இப்போது 10,000 கொலோன்.

4

இந்த நோட்டில் இருக்கும் ஹோசே ஃபிகேரெஸை உலகம் ஒரு காரணத்துக்காக மதிக்கிறது. 1948 டிசம்பர் 1ஆம் தேதி அவர் கோஸ்டாரிகாவின் ராணுவத்தைக் கலைப்பதாக அறிவித்தார். பெயவிஸ்தா படைமுகாமின் சுவரைச் சுத்தியலால் அடித்து அதை அடையாளப்படுத்தினார். அந்த முகாம் இன்று தேசிய அருங்காட்சியகம். ராணுவமே இல்லாத நாடு என்ற பெருமை அங்கிருந்து தொடங்குகிறது. போரை வெறுக்கும் பெண் என்ற முறையில் எனக்கும் அந்தச் செய்கை பிடித்தமானதுதான்.

ஆனால் அதே ஆண்டின் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். 1940களில் கால்தெரோன் கார்தியாவின் அரசு கம்யூனிஸ்டுகளின் ஆதரவோடு சமூகப் பாதுகாப்புச் சட்டங்களையும் 1943இல் தொழிலாளர் சட்டத்தையும் கொண்டுவந்தது. அதே தரப்பின் மீது தேர்தல் மோசடிக் குற்றச்சாட்டுகளும் குவிந்தன. 1948 தேர்தல் முடிவை நாடாளுமன்றம் ரத்து செய்தது. மார்ச்சில் ஃபிகேரெஸ் ஆயுதம் ஏந்தினார். சுமார் ஆறு வாரம் உள்நாட்டுப் போர். ஃபிகேரெஸ் வென்றார், அவர் தலைமையிலான குழு ஆட்சிக்கு வந்தது, கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. கார்மென் லீரா மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே நோயுற்றார். சொந்த மண்ணில் சாக வேண்டும் என்று திரும்பி வர அனுமதி கேட்டார். ஃபிகேரெஸின் ஆட்சிக்குழு மறுத்தது. 1949 மே 14 அன்று இறந்தார். உடல் மட்டும் சான் ஹோசேக்குத் திரும்பியது.

அவர் இறந்து 37ஆம் நாள், ஜூன் 20 அன்று, அரசியல் நிர்ணய சபை பெண்களுக்கு வாக்குரிமை வழங்க முடிவு செய்தது. அந்த நாட்டுப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தது 1950 ஜூலை 30இல், லா திக்ரா, லா ஃபொர்த்தூனா என்ற இரண்டு ஊர்களில் நடந்த பொதுவாக்கெடுப்பில்; முதல் வாக்கைப் போட்டவர் பெர்னார்தா வாஸ்கெஸ். ஒரு சர்வாதிகாரியை எதிர்த்துத் தெருவில் நின்று, ஒரு கட்சியைத் தொடங்கி, ஒரு போரில் தோற்று, நாடிழந்த கார்மென் லீரா தன் வாழ்நாளில் ஒரு வாக்குச்சீட்டைக்கூடப் பயன்படுத்தவில்லை.

என் ஆல்பத்தில் 10,000மும் 20,000மும் அடுத்தடுத்து இருக்கின்றன. நாட்டுக்குள் விடாதவரும் வர முடியாதவரும். அவளுடைய நோட்டு அவருடையதைவிட 7 மில்லிமீட்டர் நீளம், இரண்டு மடங்கு மதிப்பு. சான் ஹோசேயில் ஒரு பெண் தன் பர்ஸைத் திறந்தால் இருவரும் ஒட்டிக்கொண்டு கிடப்பார்கள். இதை நீதி என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிச் சொல்ல முடியாதபடி இன்னொரு நோட்டு வந்து சேர்ந்தது.

5

அதுவும் 10,000 கொலோன்தான், ஆனால் முந்தைய வரிசை. 1997இல் வந்தது. அதில் இருந்தவர் ஒரு பெண்: எம்மா கம்போவா. புதிய வரிசை வந்ததும் அந்த இடம் ஃபிகேரெஸுக்குப் போனது.

எம்மா கம்போவாவும் ஆசிரியர். அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கோஸ்டாரிகா பல்கலைக்கழகத்தின் கல்வித் துறையைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர். 'பாக்கோவும் லோலாவும்' என்ற அவருடைய அரிச்சுவடியில் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் பல தலைமுறை. ஆனால் அரசியலில் அவர் கார்மென் லீராவுக்கு எதிர்ப்பக்கம். 1947 ஆகஸ்ட் 2 அன்று, வரப்போகும் தேர்தல் நேர்மையாக நடக்க உத்தரவாதம் கேட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் அதிபர் மாளிகையை நோக்கி ஊர்வலம் போனார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் எம்மா கம்போவா.

இதில் என்னை உலுக்கியது ஒன்றுண்டு. அந்தத் தேர்தலில் அந்தப் பெண்கள் யாருக்குமே வாக்கு கிடையாது. ஆண்கள் போடும் வாக்கு ஒழுங்காக எண்ணப்பட வேண்டும் என்பதற்காகப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1919இல் ஆசிரியைகள் தெருவுக்கு வந்து ஒரு சர்வாதிகாரியைத் துரத்தினார்கள். 30 ஆண்டுகள் ஓட்டு கிடைக்கவில்லை. 1947இல் மறுபடி வந்தார்கள். இரண்டு தரப்புக்கும் நெருக்கடியில் பெண்கள் தேவைப்பட்டார்கள். 1923இல் பெண்ணியக் கழகத்தைத் தொடங்கி, வாக்குரிமை கேட்டு ஆண்டுக்கணக்காக மனுப் போட்டுக்கொண்டிருந்த வழக்கறிஞர் ஆங்கெலா அகூன்யாவுக்கு என் ஆல்பத்தில் நோட்டு இல்லை.

இரண்டு எதிரெதிர் அரசியல் கொண்ட இரண்டு பெண்கள் நோட்டில் இடம்பிடித்திருக்கிறார்கள். அவர்களுக்கு இடையே பொதுவானது என்ன? இருவரும் டீச்சர். இருவரும் குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதியவர்கள். ஒரு வங்கி பெண்ணை நோட்டில் வைக்க முடிவெடுக்கும்போது எந்தக் கதவு வழியாக அவளை உள்ளே அழைக்கிறது என்பது இங்கே தெரிந்துவிடுகிறது. ஆண் வரி போட்டதற்காக, வங்கி தொடங்கியதற்காக, போரில் வென்றதற்காக, படையைக் கலைத்ததற்காக வரலாம். 1,000 கொலோனில் இருக்கும் பிராவுலியோ கர்ரீயோவும் ஆட்சி இழந்து நாடு கடத்தப்பட்டவர்தான்; 1845இல் எல் சால்வடோரில் கொல்லப்பட்டார். ஆனாலும் அவர் ஆட்சியாளராகவே நினைவுகூரப்படுகிறார். பெண் குழந்தைகளின் தலையைத் தடவிக்கொண்டு வர வேண்டும்.

கம்யூனிஸ்ட் கட்சி மீதான அரசியல் சட்டத் தடை 1975இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1976இல், நாடாளுமன்றம் கார்மென் லீராவைத் தேசியப் பண்பாட்டுக்குத் தொண்டாற்றியவர் என்று கௌரவித்தது. எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஆனால் கௌரவம் பெற்றவர் பஞ்சிதா அத்தையை எழுதியவர். எஸ்தெஃபானியாவை எழுதியவர் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டார். நாடு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது, ஆனால் ஓர் அத்தையாக.

நான் பஞ்சிதா அத்தையைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கதைகளிலும் எளியவர்கள்தான் வலியவர்களை ஏமாற்றிப் பிழைக்கிறார்கள். குழந்தைக்குக் கதை சொல்வதும் வாழைத்தோட்டத்தைப் பற்றி எழுதுவதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பகுதிகளாகவே இருந்திருக்க வேண்டும். பிரித்தது அவர் அல்ல. ஒன்றைக் காட்ட இன்னொன்றை மறைக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் பிரித்தார்கள்.

6

முதுகலை வகுப்பு ஒன்றில் இந்த ஆல்பத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். மாணவிகள் நோட்டுகளை உறையோடு கைமாற்றிப் பார்த்தார்கள். "நம்ம நோட்டுல ஒரு பெண்ணைப் போடலாம்னா யாரைப் போடுவீங்க?" என்று கேட்டேன். நிறையப் பெயர்கள் வந்தன. கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனேன். பிறகு அடுத்த கேள்வி: "இவங்களைப் பத்தி எதை மறைச்சா போடுவாங்க?"

கொஞ்ச நேரம் அமைதி. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். "மேம், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேரைக் கல்யாண உதவித் திட்டத்துக்குத்தானே வச்சிருந்தாங்க?" என்றாள். தேவதாசி முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர், 'தாசிகள் மோசவலை' எழுதியவர், 1938இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்றவர். பல ஆண்டுகள் அவர் பெயர் நம் வீடுகளுக்குள் வந்தது தாலிக்குத் தங்கம் வாங்கும் விண்ணப்பப் படிவத்தின் தலைப்பில். அதனால் பயன்பெற்ற பெண்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பியவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்?

அன்று வகுப்பு மணி அடித்த பிறகும் பேச்சு நீண்டது. பெண்ணின் முகத்தை அச்சிட வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை, நானும் கேட்பேன். அச்சிட்ட பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. அந்த முகத்துக்குப் பக்கத்தில் எந்த முகம் இருக்கிறது, அவர்கள் இருவருக்கும் இடையே என்ன நடந்தது என்று கேட்பது. அதை வங்கி செய்யாது. வாசிப்பவர்கள்தான் செய்ய வேண்டும்.

ஆல்பத்தை நான் பழைய வரிசைக்கு மாற்றவில்லை. 5 கொலோன் ஓவியம் முதலில், எம்மா கம்போவாவும் ஃபிகேரெஸும் எதிரெதிராக, கடைசியில் அந்த மடிப்பு விழுந்த 20,000. இன்னும் ஒரு போலெத்தோ கிடைக்கவில்லை. கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "அது நோட்டு இல்லையே மேடம், உங்க ஆல்பத்துல எங்க வைப்பீங்க?" என்றார்.

முதல் பக்கத்தில், அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில் வைப்பேன்.